எட்டாவது சர்வர்

நம்ம வரலாற்று எபிசோடுகள்ல வழக்கமா ஒரு ராஜா இருப்பார், ஒரு கோட்டை இருக்கும், கடைசியில் ஒரு துரோகி வருவான். இந்த எபிசோடில் எட்டு கம்ப்யூட்டர்கள் இருக்கு. துரோகி யாரும் கிடையாது. ஆனா கோட்டை விழுந்தது, அதுவும் 45 நிமிஷத்தில்.

2012 ஆகஸ்ட் 1, புதன்கிழமை. இடம், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள ஜெர்சி சிட்டி. நைட் கேப்பிடல் என்று ஒரு பங்குத் தரகு நிறுவனம். சின்ன கம்பெனின்னு நினைச்சிடாதீங்க. அமெரிக்காவில் பட்டியலிடப்பட்ட பங்குகளின் மொத்த வர்த்தகத்தில் ஏறக்குறைய பத்து சதவீதம் இவர்கள் வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அன்று காலை நியூயார்க் பங்குச் சந்தை சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஒரு புதிய திட்டத்தைத் தொடங்குகிறது. அதில் கலந்துகொள்ள நைட் தன் மென்பொருளை மாற்றியாக வேண்டும். புதிய கோட் எழுதியாகிவிட்டது. ஆர்டர்களை அனுப்பும் எட்டு சர்வர்களில் அதை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஜூலை 27-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற ஆரம்பித்தார்கள்.

ஏழு சர்வர்களில் ஏறியது. எட்டாவதில் ஏறவில்லை. ஃபைல்களை காப்பி செய்த டெக்னீஷியன் ஒரு மெஷினை விட்டுவிட்டார். இன்னொருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறை எதுவும் அங்கே இல்லை. பிற்பாடு விசாரித்த அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் உத்தரவில் இதெல்லாம் வரிசையாக இருக்கு.

சரி, ஒரு சர்வரில் பழைய கோட் இருந்தால் என்ன? பழையபடியே வேலை செய்துவிட்டுப் போகட்டுமே? இங்கேதான் கதை. அந்த எட்டாவது சர்வரில் ‘பவர் பெக்’ என்று ஒரு பழைய வசதி கிடந்தது. 2003-லேயே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் கோடை அழிக்கவில்லை. நம்ம வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய மிக்ஸி மாதிரி. 2005-இல் வேறு ஏதோ மாற்றத்துக்காக, ‘கேட்ட அளவு வாங்கியாச்சு, நிறுத்து’ என்று எண்ணிக்கை வைக்கும் பகுதியை வேறிடத்துக்கு நகர்த்தினார்கள். அதற்குப் பிறகு பவர் பெக்கை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பயன்படுத்தாததை யார் சோதிப்பார்கள்? பிறகு 2012-இல் புதிய வசதிக்கு ஒரு ஸ்விட்ச் தேவைப்பட்டபோது, பவர் பெக்குக்கு இருந்த அதே ஸ்விட்ச்சை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். ஏழு சர்வர்களில் அந்த ஸ்விட்ச்சைப் போட்டால் புதிய வசதி ஓடும். எட்டாவதில் போட்டால், எங்கே நிறுத்துவது என்றே தெரியாத பழைய மிக்ஸி ஓடும்.

காலை 9.30-க்குச் சந்தை திறந்தது. 212 ஆர்டர்கள் அந்த எட்டாவது சர்வருக்கு வந்தன. அது வாங்கியது, விற்றது, மறுபடி வாங்கியது. 45 நிமிஷத்தில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சம் வர்த்தகங்கள், மொத்தம் 39.7 கோடி பங்குகள். அந்தப் பதற்றத்தில் நைட்டின் ஆட்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: புதிய கோடில்தான் பிரச்சினை போல, எடுத்துவிடுவோம். நன்றாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோடை நீக்கினார்கள். இப்போது எட்டிலுமே பழைய கோட்! நிலைமை இன்னும் மோசமானது. கடைசிக் கணக்கில் நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். அன்றைய மதிப்பில் 2,500 கோடி ரூபாயைத் தாண்டும். அடுத்த சில நாட்களிலேயே வெளி முதலீட்டாளர்கள் 40 கோடி டாலர் போட்டுக் கம்பெனியை மூழ்காமல் பிடித்தார்கள். அடுத்த வருஷம் அது கெட்கோ என்ற இன்னொரு நிறுவனத்தோடு இணைந்துபோனது.

சாஃப்ட்வேர் எழுதுவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எழுதியதை சர்வருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அதாவது டெப்ளாய்மென்ட், ஏதோ கூரியர் வேலை மாதிரித்தான் ரொம்ப நாள் நினைக்கப்பட்டது. இன்றைக்கு நீங்கள் டாக்கரில் ஒரு வெப் அப்ளிகேஷனைப் போட்டு ப்ரொடக்‌ஷனில் ஓட்டுகிறீர்கள் என்றால், அதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கூரியர் வேலையை நம்பகமாக்க நடந்த முப்பது வருஷத்துக்கும் மேலான முயற்சி. அதைத்தான் இப்போ பார்க்கப்போறோம்.

முதலில் அந்தக் காலம் எப்படி இருந்தது? என் அனுபவத்தையே சொல்றேன். கம்பெனி பெயர் வேண்டாம். என் முதல் வேலையில் வாடிக்கையாளர்களுக்கு பில்லை பி.டி.எஃப் ஆகத் தயாரித்து அனுப்பும் ஒரு சின்ன அப்ளிகேஷன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், எஃப்.டி.பி. வழியாக ஃபைல்களை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போயாச்சு. திங்கட்கிழமை வந்தால் புகார். பில்லில் தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கட்டம் கட்டமாக வந்திருக்கிறது. என் லேப்டாப்பில் தமிழ் ஃபான்ட் இருந்தது, சர்வரில் இல்லை. சீனியர் அண்ணா ஒருவர் சர்வருக்குள் லாகின் செய்து ஃபான்ட்டை நிறுவினார். சரியானது. மறுநாள் மறுபடி புகார், ஆனால் பாதிப் பேரிடமிருந்து மட்டும்! ஏன்னா சர்வர்கள் இரண்டு. லோட் பேலன்சர் ஒரு பில்லை இங்கேயும் இன்னொன்றை அங்கேயும் அனுப்பிக்கொண்டிருந்தது. அண்ணா ஒன்றில் மட்டும் நிறுவியிருந்தார். நைட் கேப்பிடல் கதையைப் பிற்பாடு படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கு அந்தக் காலத்தில் ஒரு பிரபலமான பதில் உண்டு: ‘என் மெஷின்ல ஓடுதே!’ பொய் இல்லைங்க. உண்மையிலேயே ஓடும். நீங்கள் எழுதிய கோட் மட்டும் தனியாக ஓடுவதில்லை. அதற்குக் கீழே மொழியின் ஒரு பதிப்பு, அதற்கு நூறு லைப்ரரிகள், சிஸ்டத்தின் சில ஃபைல்கள், ஃபான்ட், நேர மண்டலம் என்று ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. கூரியரில் போவது கோட் மட்டும். கூட்டம் லேப்டாப்பிலேயே தங்கிவிடும்.

அந்தக் கூட்டத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்பினால்? இந்த யோசனையின் வேர் 1979-இல் இருக்கு. யூனிக்ஸின் ஏழாவது பதிப்பில் ‘சி-ரூட்’ என்று ஒரு வசதி வந்தது. ஒரு ப்ரோகிராமிடம் ஒரு ஃபோல்டரைக் காட்டி, ‘இதுதான் மொத்த டிஸ்க், இதுக்கு மேலே உலகமே கிடையாது’ என்று நம்பவைப்பது. அவ்வளவுதான் அது. கிணற்றுத் தவளை மாதிரி. அதன் ஃபைல்கள் தனி. ஆனால் பக்கத்தில் ஓடும் மற்ற ப்ரோகிராம்கள் அதற்குத் தெரியும், நெட்வொர்க்கும் பொது, முழு அதிகாரம் உள்ள யூசர் நினைத்தால் கிணற்றை விட்டு ஏறி வெளியே வந்துவிடலாம்.

அடுத்த பெரிய நகர்வு வெப் ஹோஸ்டிங் தொழிலிலிருந்து வந்தது. 90-களின் கடைசியில் ஒரே மெஷினில் பல வாடிக்கையாளர்களின் இணையதளங்களை வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கு முழு அதிகாரம் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரரின் ஃபைல்களும் கைக்கு வந்துவிடும். கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் கோபிப்பார். ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் இந்தத் தேவைக்காக டென்மார்க்கைச் சேர்ந்த போல்-ஹென்னிங் காம்ப் எழுதியதுதான் ‘ஜெயில்’. 2000 மார்ச்சில் ஃப்ரீ-பி.எஸ்.டி. 4.0-இல் வெளிவந்தது. ஜெயிலுக்குள் நீங்கள் ராஜா. ஆனால் ஜெயிலுக்குள் மட்டும். பிறகு சன் நிறுவனம் சோலாரிஸ் 10-இல் ‘ஸோன்ஸ்’ என்று இதையே இன்னும் பெரிதாகச் செய்தது.

லினக்ஸில் இது ஒரே நாளில் வரவில்லை. துண்டு துண்டாக வந்தது. ஃபைல், நெட்வொர்க், ப்ரோகிராம் பட்டியல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மறைத்துக் காட்டும் ‘நேம்ஸ்பேஸ்’கள் 2002-இலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கூகுளில் பால் மெனேஜ், ரோஹித் சேத் என்ற இரண்டு பொறியாளர்கள் 2006-இல் இன்னொரு பாதியைத் தொடங்கினார்கள். ஒரு ப்ரோகிராம் கூட்டம் எவ்வளவு மெமரி, எவ்வளவு சி.பி.யு. எடுக்கலாம் என்று வரம்பு வைப்பது. முதலில் அதன் பெயர் ‘ப்ராசஸ் கன்டெய்னர்ஸ்’. லினக்ஸில் ஏற்கெனவே கன்டெய்னர் என்ற சொல்லை ஆளாளுக்கு ஒரு அர்த்தத்தில் பயன்படுத்திக் குழப்பிக்கொண்டிருந்ததால் ‘கன்ட்ரோல் க்ரூப்ஸ்’ என்று மாற்றினார்கள். 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் கெர்னலில் அது சேர்ந்தது.

சென்னையில் அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இதை உடனே புரியவைக்கலாம். விர்ச்சுவல் மெஷின் என்பது தனி வீடு. தனி அஸ்திவாரம், தனி போர்வெல், தனி மோட்டார். பாதுகாப்பு, ஆனால் செலவு. கன்டெய்னர் என்பது ஃப்ளாட். அஸ்திவாரமும் தண்ணீர்த் தொட்டியும் பொது, அதுதான் கெர்னல். நேம்ஸ்பேஸ் என்பது பக்கத்து ஃப்ளாட் தெரியாமல் இருக்கிற சுவர். கன்ட்ரோல் க்ரூப் என்பது மூணாவது மாடிக்காரர் மொத்தத் தொட்டியையும் காலி பண்ணாமல் இருக்கப் போட்ட மீட்டர். சுவர் மெலிசு என்பதையும் மறக்க வேண்டாம். அஸ்திவாரத்தில் விரிசல் விட்டால் எல்லா ஃப்ளாட்டுக்கும்தான்.

ஆக 2008-லேயே எல்லாப் பாகங்களும் கையில் இருந்தன. அப்புறம் ஏன் 2013 வரை யாரும் பேசவில்லை? என் கருத்தைச் சொல்றேன். அதுவரை எல்லாரும் கன்டெய்னரைச் சுவராகப் பார்த்தார்கள். ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தரைப் பிரிப்பது எப்படி என்ற கேள்வி. அதை ஒரு பார்சலாகப் பார்க்க ஆள் இல்லை.

2013 மார்ச் 15. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் பைகான் மாநாடு. ஐந்து நிமிஷம் மட்டும் கொடுக்கும் ‘லைட்னிங் டாக்’ பகுதியில் சாலமன் ஹைக்ஸ் மேடை ஏறினார். டாட்கிளவுட் என்ற நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தவர். மற்றவர்களின் வெப் அப்ளிகேஷன்களைத் தங்கள் சர்வரில் ஓட்டிக்கொடுப்பது அவர்கள் தொழில். அதற்காக உள்ளுக்குள் செய்துவைத்திருந்த கருவியை மேடையில் காட்டினார். திரையில் வந்தது ‘ஹலோ வேர்ல்ட்’ மட்டும்தான். அந்தக் கருவியின் பெயர் டாக்கர். அதே மாதம் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அக்டோபரில் கம்பெனியே தன் பெயரை டாக்கர் என்று மாற்றிக்கொண்டது.

பெயரிலேயே ஒரு விசித்திரம் இருக்கு. ஆங்கிலத்தில், குறிப்பாக பிரிட்டனில், டாக்கர் என்றால் துறைமுகத் தொழிலாளி. 1956 ஏப்ரல் 26-இல் மால்கம் மெக்லீன் என்ற லாரிக் கம்பெனி முதலாளி, ‘ஐடியல் எக்ஸ்’ கப்பலில் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றி நியூ ஜெர்சியின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அங்கே தொடங்கிய கன்டெய்னர் கப்பல்கள்தான் மூட்டை தூக்கிய டாக்கர்களின் வேலையைப் பல துறைமுகங்களில் காலி செய்தன. வேலையை இழந்தவர்களின் பெயர், பெட்டியைத் தூக்கும் மென்பொருளுக்கு வந்துவிட்டது. யாராவது இதைப் பற்றித் தனியாக ஒரு எபிசோட் பண்ணணும், நாங்களே பண்ணலாம்.

டாக்கர் புதிதாகக் கண்டுபிடித்தது என்று பார்த்தால் ரொம்பக் கொஞ்சம். சுவர் கட்ட ஏற்கெனவே இருந்த லினக்ஸ் வசதிகளையே ஆரம்பத்தில் பயன்படுத்தினார்கள். அவர்கள் சேர்த்தது ‘இமேஜ்’. உங்கள் அப்ளிகேஷன், அதன் லைப்ரரிகள், ஃபான்ட் உட்பட எல்லாவற்றையும் அடுக்கடுக்காகக் கட்டிய ஒரு பார்சல். எப்படிக் கட்டுவது என்பது டாக்கர்ஃபைல் என்ற சின்ன எழுத்து ஃபைலில் இருக்கும். அடிமட்ட அடுக்கில் லினக்ஸின் ஃபைல்கள், அதற்கு மேல் மொழி, அதற்கு மேல் லைப்ரரிகள், உச்சியில் உங்கள் கோட். கோடில் ஒரு வரி மாற்றினால் உச்சி அடுக்கு மட்டும் மாறும். சர்வருக்குப் போவதும் அந்த அடுக்கு மட்டும். கட்டி முடித்ததும் பார்சலின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு 64 எழுத்துள்ள ஓர் அடையாளம் கிடைக்கும். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அடையாளம் மாறிவிடும். இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

அதற்குப் பிறகு வேகம். 2014 ஜூனில் டாக்கர் 1.0. அதே மாதம் கூகுள் குபர்நெட்டீஸை வெளியிட்டது, நூற்றுக்கணக்கான சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்க. 2015-இல் போட்டிக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து கன்டெய்னர்களுக்குப் பொதுத் தரம் வகுக்கும் வேலையைத் தொடங்கினார்கள். நடுவில் நிறைய வியாபாரச் சண்டை, அதை விட்டுவிடலாம்.

சரி, இன்றைக்கு ஒரு சின்ன டீம், ஒரே சர்வர், ஒரு வெப் அப்ளிகேஷன். டெப்ளாய் எப்படி நடக்கிறது? இமேஜைக் கட்டும் வேலை சர்வரில் நடப்பதில்லை. வேறொரு மெஷினில் ஒரே தடவை கட்டி, சோதித்து, ரெஜிஸ்ட்ரி என்ற கிடங்கில் வைக்கிறார்கள். சர்வர் அதை இழுத்துக்கொள்கிறது. பழைய கன்டெய்னர் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியது பக்கத்தில் தொடங்குகிறது. ‘உயிரோட இருக்கியா?’ என்று ஒரு முகவரியில் கேட்டுப் பார்ப்பார்கள், அதுதான் ஹெல்த் செக். பதில் சரியாக வந்தால் முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் மாதிரியான ப்ராக்ஸி, வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடும். பழையது நிற்கும். புதியதில் கோளாறு என்றால் பழைய இமேஜைத் திரும்ப ஓட்டினால் போதும், அது கிடங்கில் அப்படியே இருக்கு. பாஸ்வேர்டுகள் இமேஜுக்குள் போகாது, வெளியிலிருந்து கொடுக்கப்படும். டேட்டாபேஸ் ஃபைல்கள் வால்யூமில் இருக்கும், ஏன்னா கன்டெய்னரை நீக்கினால் உள்ளே எழுதியதெல்லாம் கூடவே போய்விடும். இதை ஒரு தடவை தெரியாமல் அனுபவித்தவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

இன்னொரு பொறியும் இருக்கு. உபுன்டு சர்வரில் ஃபயர்வால் போட்டு எல்லாக் கதவையும் மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். டேட்டாபேஸ் கன்டெய்னரின் போர்ட்டை வெளியே திறந்துவிட்டால், டாக்கர் தானாகவே கெர்னலின் விதிகளில் ஒரு வழி எழுதிக்கொள்ளும். நீங்கள் போட்ட ஃபயர்வால் அதைத் தடுக்காது. பூட்டு முன்வாசலில் தொங்கும், பின்வாசல் திறந்திருக்கும். வெளியே தெரியத் தேவையில்லாத போர்ட்டை அந்த மெஷினின் உள் முகவரிக்கு மட்டும் கட்ட வேண்டும்.

இப்போ முக்கியமான கேள்வி. 2012-இல் டாக்கர் இருந்திருந்தால் நைட் கேப்பிடல் தப்பித்திருக்குமா? நிறையப் பேர் ஆமாம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கையால் காப்பி செய்வது ஒழிந்திருக்கும், அது நிச்சயம். ஒவ்வொரு சர்வரிலும் எந்த இமேஜ் ஓடுகிறது என்று அடையாளத்தை வைத்து ஒரே நொடியில் ஒப்பிட்டிருக்கலாம். ஆனால் யாராவது ஒப்பிட்டிருக்க வேண்டுமே? ஒரே ஸ்விட்ச்சுக்கு இரண்டு அர்த்தம் கொடுத்தது கோடில் இருந்த முடிவு. அதை எந்தப் பெட்டியில் வைத்தாலும் அப்படியேதான் இருக்கும். ‘முந்தைய பதிப்புக்குத் திரும்பு’ என்ற அவர்களுடைய முடிவை டாக்கர் இன்னும் வேகமாக நிறைவேற்றியிருக்கும். எட்டு சர்வரிலும் பழைய மிக்ஸி, சில நொடிகளில்.

எட்டாவது சர்வர் இன்றைக்கும் இருக்கு, வேறு பெயரில். அதன் பெயர் ‘லேட்டஸ்ட்’. இமேஜுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டாவிட்டால் டாக்கர் தானாக ஒட்டும் சீட்டு அது. புதியது என்று அதற்கு அர்த்தம் இல்லை, வெறும் பெயர். திங்கட்கிழமை ஒரு சர்வர் ‘லேட்டஸ்ட்’டை இழுக்கும், வியாழக்கிழமை இன்னொன்று இழுக்கும். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. பட்டியலைப் பார்த்தால் இரண்டிலும் ‘லேட்டஸ்ட்’ என்றே தெரியும். அதனால்தான் அந்த 64 எழுத்து அடையாளத்தை ஞாபகம் வைக்கச் சொன்னேன். ப்ரொடக்‌ஷனில் பதிப்பு எண்ணையோ அந்த அடையாளத்தையோ எழுதித்தான் டெப்ளாய் செய்ய வேண்டும்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு. ஆகஸ்ட் 1 காலை, சந்தை திறக்கும் முன், 8.01 மணியிலிருந்தே நைட்டின் சிஸ்டம் தன் ஊழியர்களுக்குத் தானாக மெயில் அனுப்ப ஆரம்பித்தது. மொத்தம் 97 மெயில்கள். ‘பவர் பெக் முடக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு பிழைக் குறிப்பு ஒவ்வொன்றிலும் இருந்தது. 2003-லேயே நிறுத்தின ஒரு விஷயம் 2012-இல் ஏன் மெயிலில் வருது என்று யாராவது ஒருத்தர் கேட்டிருந்தால், கையில் ஒன்றரை மணி நேரம் இருந்தது. எச்சரிக்கை மெயிலாக அவற்றை யாரும் வடிவமைக்கவில்லை, அதனால் யாரும் வழக்கமாகப் பார்ப்பதும் இல்லை. 2013 அக்டோபரில் ஆணையம் விதித்த அபராதம் 1.2 கோடி டாலர். அதற்குள் டாக்கருக்கு ஏழு மாசம் வயசாகியிருந்தது.

உங்கள் ஆபீசில் சர்வர் எத்தனை, எதில் என்ன ஓடுது, கடைசியாக எப்போ எண்ணிப் பார்த்தீங்க? வெள்ளிக்கிழமை சாயங்கால டெப்ளாய் கதைகள் உங்களிடமும் நிச்சயம் இருக்கும். குரல் பதிவாக அனுப்புங்க, கம்பெனி பெயரை நாங்களே வெட்டிடுறோம். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.